பி27 பாசிட்டிவ், எக்ஸ்ரே நார்மல்: தம்பிக்கு அடுத்து என்ன?
வணக்கம் சகோதரி. 26 வயதுத் தம்பிக்குக் காலையில் இடுப்பு இறுகிப்போகிறது, ஹெச்எல்ஏ பி27 என்ற மரபணு இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ், எக்ஸ்ரே நார்மல் என்பதால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். அதோடு விட்டுவிடாதீர்கள்.

பி27-க்கும், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1973-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் பி27 இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. வலியின் குணத்தைத்தான் பார்க்க வேண்டும். நடமாடினால் குறைந்து, படுத்தால் கூடுகிறதா? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா? அப்படியென்றால் இந்த நோயைச் சந்தேகிக்கலாம். டிஸ்க் வலி பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில வருடங்கள்கூட ஆகலாம். எம்ஆர்ஐயில் அழற்சி முன்னதாகவே தெரிய வாய்ப்பு அதிகம். சும்மா ‘முதுகு எம்ஆர்ஐ’ என்று எடுத்தால் விஷயம் இருக்கிற இடமே விடுபட்டுப்போகும். சீட்டில் ‘சாக்ரோஇலியாக் மூட்டு’ (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம்) என்று எழுதி வாங்குங்கள். எழுத வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு அழற்சி நோய் நிபுணர்.

நோய் உறுதியானால் முதலில் நாப்ராக்ஸன் மாதிரி அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைதான், கூடவே தினசரி உடற்பயிற்சி. கேட்காவிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கி அழற்சியைக் குறைக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசி. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். சிகரெட் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள், முதுகெலும்பை அது இன்னும் கெடுக்கும்.

அப்புறம், இந்த நோயில் கண்ணிலும் அழற்சி வரலாம்; கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.