சட்டி அடியில பிடிக்கிறது கார்பனா, புகைக்கரியா?

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, கேஸ் அடுப்புல வெக்கிற சட்டியெல்லாம் அடி கறுத்துப் போகுதாம், வீட்டுக்காரர் "அது வெறும் கார்பன், தண்ணி ஃபில்டர்லயே அதைத்தானே போடுறாங்க, ஒன்னும் ஆகாது"ங்கிறாராம்.

அண்ணன் சொல்றதுல பாதிதான் சரி. கார்பன்ங்கிறது ஒரு தனிமம், வைரமும் அதான், பென்சில்ல இருக்கிற கிராஃபைட்டும் அதான். உங்க சட்டியில இருக்கிறது புகைக்கரி, அதுல பெரும்பங்கு கார்பன்தான், ஆனா அரைகுறையா எரிஞ்ச பிசுக்கெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டிருக்கும். தொட்டுப் பாருங்க, விரல் ரேகைக்குள்ள இறங்கிடும், வெறும் தண்ணிக்குப் போகாது. இதுக்கும் கரின்னுதான் சொல்றோம், அடுப்புல போடுறதுக்கும் கரின்னுதான் சொல்றோம், அப்புறம் குழம்பாம என்ன செய்யும்!

பினாங்குல கரி அடுப்புல சார் குவே தியாவ் (தட்டை அரிசி நூடுல்ஸ் பிரட்டல்) போடுற கடைக்குப் போனா கொஞ்சம் கவனிங்க, கங்கு செவசெவன்னு இருக்கும், புகை அவ்வளவா வராது, ஏன்னா விறகைக் கரியாக்குறப்பவே புகையுற சமாச்சாரம் பெரும்பாலும் வெளிய போயிடுது. ஈர விறகை வெச்சா வாணலி அட்டக்கரியா ஆயிடும். ஃபில்டர்ல போடுறதும் தேங்காய் சிரட்டை மாதிரி எதையாவது கரியாக்கி, நீராவி விட்டுப் பக்குவம் பண்ணினதுதான், சட்டியில சுரண்டினது இல்ல.

லண்டன்ல புகைபோக்கி சுத்தம் பண்ணினவங்களுக்கு வந்த புற்றுநோய்க்கு இந்தப் புகைக்கரிதான் காரணம்னு பெர்சிவல் பாட்ங்கிற டாக்டர் 1775லயே எழுதிட்டார். அவங்க சின்னப் பிள்ளையில இருந்து அதுலயே கிடந்தவங்க, நீங்க சட்டி தேய்க்கிறதுக்குப் பயப்பட வேணாம்.

எனக்குக் கவலை அடுப்பு மேலதான். நெருப்பு மஞ்சளா எரியுதான்னு பாருங்க. கேஸுக்குக் காத்து பத்தலைன்னா புகைக்கரி உண்டாகி, அந்தத் துகள்தான் சூட்டுல மஞ்சளா மின்னுது. காத்து பத்தாத நெருப்புல கார்பன் மோனாக்சைடும் வரும், அதுக்கு வாசனையே கிடையாது, ஜன்னலைச் சாத்திட்டு சமைக்காதீங்க, தலை வலிச்சு மயக்கமா வந்தா அடுப்பை அணைச்சுட்டு உடனே வெளிய வந்துடுங்க. கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறினதும் பர்னர் மூடியைக் கழட்டி ஓட்டையை ஊசியால குத்தி, கழுவி நல்லா காயவெச்சு மாட்டுங்க. அப்பவும் நீலமா எரியலைன்னா ஆளைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க.

சட்டியை முதல்ல பழைய பேப்பர்ல துடைச்சுட்டு அப்புறமா சோப்புப் போடுங்க, நேரா தண்ணி ஊத்தினா சிங்க் முழுக்க மைதான்.