தனி வித்வான் இல்லாத கன்செர்ட்டோ

கேள்வி: ஆங்கிலேய இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட்டின் ‘இரண்டு தந்திக்குழுக்களுக்கான கன்செர்ட்டோ’வைக் கைப்பேசியில் கேட்டேன். கன்செர்ட்டோ என்றால் ஒருவர் தனியாக முன்னின்று வாசிக்க, ஆர்க்கெஸ்ட்ரா ஈடுகொடுக்கும் இசைதானே? இதில் தனியாக வாசிக்க ஆளே இல்லை, அப்புறம் எப்படி அது கன்செர்ட்டோ? இருபதாம் நூற்றாண்டில் இருந்துகொண்டு, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான கொரெல்லி, பாக் காலத்து வடிவத்தில் எழுதுவது பழமை மோகம்தானே?

பதில்: தனி ஆள் இல்லை என்று டிப்பெட்டைக் கோபிப்பதானால், முதலில் பாக்கைக் கோபித்துக்கொள்ளுங்கள். அவருடைய மூன்றாவது பிராண்டன்பர்க் கன்செர்ட்டோவில் மூன்று வயலின், மூன்று வயோலா, மூன்று செல்லோ. நாயகன் என்று யாரும் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று விரல் வித்தை காட்டுவதுதான் கன்செர்ட்டோ என்ற எண்ணம் பின்னால் வேரூன்றியது.

டிப்பெட் இதை 1938-39இல் எழுதினார். கொரெல்லியிடம் சிறிய குழுவும் பெரிய குழுவும் மோதும். இங்கே இரண்டும் சமபலம். முதல் பகுதியைக் கவனியுங்கள். எட்டுத் துடிப்பை நான்கு நான்காக வெட்டாமல் மூன்றும் இரண்டுமாகக் கலைத்துப் போடுகிறார். ஒரு குழுவுக்கு அழுத்தம் விழும் இடத்தில் மற்றதற்கு விழாது. பல குரல்கள் பின்னிப் பாடும் பழைய ஆங்கில மாட்ரிகல் பாடல்களின் துள்ளலும் ஜாஸின் இழுப்பும் அதில் இருக்கின்றன. இதில் எங்கே இருக்கிறது மோகம்?

1940 ஏப்ரலில் லண்டன் மார்லி கல்லூரியில் இதை அரங்கேற்றியவர்களும் சீமான்கள் அல்லர். டிப்பெட் நடத்திவந்த தென் லண்டன் ஆர்க்கெஸ்ட்ரா அது. வேலையில்லாத வாத்தியக்காரர்களின் குழு; ஊமைப் படங்களுக்கு வாசித்துவந்து, பேசும் படம் வந்ததும் சினிமாக் கொட்டகைகளில் பிழைப்பு போனவர்கள் அதில் இருந்தார்கள்.

பழமை விரும்பிகள் டிப்பெட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் இல்லை. கொரெல்லி பிறந்து 300 ஆண்டு ஆனதற்காக, 1953 எடின்பரோ விழாவுக்கு அவருடைய மெட்டை வைத்தே ஒரு தந்தியிசை எழுதிக் கொடுத்தார். நடத்த வேண்டிய மால்கம் சார்ஜென்ட் மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் டிப்பெட்டே மேடையேறினார்.

சரி, தனி ஆள் இருந்தே தீர வேண்டுமா? அவருடைய பியானோ கன்செர்ட்டோவைக் கேளுங்கள். பியானோக் கலைஞர் ஜூலியஸ் கட்சென் ‘இதை வாசிக்கவே முடியாது’ என்று ஒதுங்கிக்கொள்ள, 1956இல் பர்மிங்காமில் லூயி கென்ட்னர் வாசித்துக் காட்டினார்.

இன்னொன்று. கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டால் இரண்டு குழுவும் ஒன்றாகக் கலந்து கூழாகிவிடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.