உறவினர்கள் கட்டணம் கட்டப்போவதில்லை

நல்ல மதிப்பெண் எடுத்தும் கணினிப் பொறியியல் வேண்டாமென்று மகள் மறுக்கிறாள், வண்ணங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள், உறவினர்கள் உங்களையே குறை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் அந்த உறவினர்களில் ஒருவர்கூடக் கட்டணம் கட்டப்போவதில்லை. மனம் ஒட்டாத வகுப்பில் நான்கு ஆண்டுகள் உட்காரப்போவதும் அவர்கள் அல்லர்.

நீங்கள் அனுப்பிய அவளது நோட்டைப் பார்த்தேன். ஒரே சாம்பல் தாளிலிருந்து வெட்டிய இரு துண்டுகளை மஞ்சள் அட்டையிலும் நீல அட்டையிலும் ஒட்டி, முதலாவது நீலம் பாய்ந்தும் இரண்டாவது மஞ்சள் பாய்ந்தும் தெரிவதாகக் குறித்திருக்கிறாள். பாரிஸில் சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் கோபெலின் ஆலையின் சாயப்பட்டறையில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்தபோது, பழுது சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த வண்ணங்களில்தான் என்று கண்டு, 1839-இல் அதை விரிவாக வெளியிட்ட வேதியியலாளர் செவ்ரோல் ஆராய்ந்ததும் இதைத்தான். வண்ணச் சக்கரத்தை மனப்பாடம் செய்வோர் பலர். இப்படிச் சோதித்துப் பார்ப்போர் குறைவு.

வரைகலை, ஆடை வடிவமைப்பு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது வண்ணப் பொருத்த ஆய்வகத்தைப் பற்றி. ஒப்புதல் பெற்ற ஒரு ஷேடு துணியிலும் பிளாஸ்டிக்கிலும் அச்சிலும் பெயிண்டிலும் பிசகாமல் வந்தாக வேண்டும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்னும் கருவி, மாதிரித் துண்டு எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறது. அந்த அளவை வெளிர்வு, சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம் என மூன்று எண்களாக்கும் முறை 1976-இல் வந்தது. மாதிரிக்கும் மூலத்துக்கும் இடையிலான விலகலை டெல்டா ஈ என்கிறார்கள். கருவியோடு வேலை முடிந்துவிடாது. பகலொளியில் அச்சாகப் பொருந்திய இரு துண்டுகள் மஞ்சள் பல்பின் கீழ் வெவ்வேறாகத் தெரியலாம்; இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஆகவே ஒளிப்பெட்டியில் விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தச் சாயத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவு செய்ய ஒரு தேர்ந்த கண் வேண்டும். சாய வேதியியல், ஜவுளித் தொழில்நுட்பம், அச்சுத் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகள் இந்த வேலைக்குக் கொண்டு சேர்க்கும். அவற்றுக்கு வேதியியலும் கணிதமும் தேவை என்பதால் அவள் மதிப்பெண் வீணாகிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேர்வதற்கு முன் அவளுக்கு நிறப்பார்வைப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெண்களிடம் நிறக்குருடு அரிதென்றாலும் சோதிக்காமல் விடக்கூடாது. ஃபார்ன்ஸ்வொர்த்–மன்செல் 100 ஹியூ சோதனையும் (நுண்ணிய நிற வேறுபாடுகளைக் கண் பிரித்தறிகிறதா என்று பார்ப்பது; பெயரில்தான் நூறு, நிற வரிசையில் அடுக்க வேண்டிய வில்லைகள் 85) செய்ய முடிந்தால் நல்லது. அடுத்தது பணம். ஒளிப்பெட்டியும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் மாணவர் கைக்குக் கிடைக்காத நிறுவனத்துக்கு, அதன் பெயர் எவ்வளவு பெரியதானாலும், கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள். கல்லூரி பார்க்கப் போகும் அன்று அவளையும் அழைத்துச் சென்று, அலுவலக அறைக்கு முன்பாக ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.