அது அம்மா ஏறிய கப்பல்

கேள்வி: சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் தொகுப்பாளராக இருக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரி. தாத்தா குடும்பம் 1974-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தது. அம்மாவுக்கு அப்போது 8 வயது. வீட்டில் ரயிலுக்குக் கோச்சி, டீக்குத் தேத்தண்ணி. பள்ளித் தோழிகளோ படுகர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்றே வளர்ந்தேன். திரையில் பேசுவது மூன்றாவது. இப்போது எங்கள் சேனலின் பொங்கல் நிகழ்ச்சியில் நான் வளர்ந்த கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவையும் படம்பிடிப்பார்களாம். ‘அகதியின் பேத்தி’ என்று தலைப்பும் வைத்தாயிற்று. அம்மா, “நீலகிரின்னு சொல்லு, அதுக்கு மேல வேணாம்” என்கிறார். இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை. பிறந்த இடத்தைச் சொல்ல அவருக்கு வெட்கமா? மறைத்தால் நான் பொய் சொன்னதாக ஆகாதா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: முதலில் அந்தத் தலைப்பைத் தூக்கச் சொல்லுங்கள். அம்மாவே சம்மதித்தாலும் தூக்கச் சொல்லுங்கள். அது தப்பு.

உங்கள் தாத்தா அகதியாக வரவில்லை. 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். சந்தையில் மூட்டை பிரித்த மாதிரி. தலைமன்னாரில் கப்பலேறும்போதே தாத்தா கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்திருக்கும். அரசு ஏட்டில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறியவர்களின் கதை வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் இரு பக்கத்துக்கும் அநியாயம்.

இனி அம்மா. வெட்கமா என்று கேட்கிறீர்கள். நான் குன்னூரில் வளர்ந்தவள். எங்கள் தெருவிலிருந்து கொழுந்து பறிக்கப் போகும் அக்கா ஒருவர், ரேஷன் கடையில் எந்த ஊர் என்று கேட்டால் “திருச்சிப் பக்கம்” என்பார். திருச்சியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் இலங்கைக் காப்பித் தோட்ட வேலைக்கென்று புறப்பட்ட இடம் அது. கேட்டவர் அதோடு விட்டுவிடுவார், அதுதான் அக்காவுக்கு வேண்டியது. அங்கே இருந்தபோது ‘கள்ளத்தோணி’, இங்கே வந்தபின் ‘சிலோன்காரி’. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அந்த இரண்டாவது சொல்லை வாசலில் சத்தமாகச் சொல்லவே பயந்த வீடுகள் எனக்குத் தெரியும். இதை நான் வெட்கம் என்று சொல்லமாட்டேன். சூதானம்.

கண்டிப் பக்கமிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். குடும்பத்தில் பாதிப் பேர் ஏறுவார்கள், பாதிப் பேர் மேடையில் நிற்பார்கள். 8 வயதுப் பிள்ளை ஜன்னல் வழியாக யாரைப் பார்த்துக்கொண்டு போனாளோ. நீங்களே இதுவரை கேட்டதில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. மகள் கேட்காததைக் கேமரா முதலில் கேட்கக்கூடாது.

ஆகவே பங்கு பிரியுங்கள். கோச்சியும் கப்பலும், இறங்கியதும் தங்கிய மண்டபம் முகாமும் அம்மாவுடையவை. அவர் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் விடுங்கள். தேத்தண்ணி என்று வாய்தவறிச் சொல்லி வகுப்பே சிரித்தது, தோழி வீட்டாரோடு பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போனது, படுக மொழியில் கோபித்துக்கொள்ளக் கற்றது (கற்றிருப்பீர்கள்!), இதெல்லாம் உங்கள் பங்கு. இதைப் பேச யாரிடமும் அனுமதி வாங்கவேண்டாம். ‘தாத்தா குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது’ என்ற ஒரு வரியை மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் இந்தப் பொங்கலுக்கு வேண்டாம். சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடாது. வேறு ஊரைச் சொன்னால்தான் பொய்.

நிகழ்ச்சிக்குக் கனமாக எதாவது வேண்டும் என்று தயாரிப்பாளர் நச்சரித்தால், அம்மாவின் கண்ணீருக்குப் பதிலாகத் தேயிலையைக் கொடுங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இந்த மலையில் தேயிலை போடத் தொடங்கியது. 1976-ல் அது டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் அந்தத் தோட்டங்களில் எத்தனை சரிவு இவர்கள் கையால் பச்சையானது என்று ஒரு தொகுப்பாளர் விவரமாகச் சொன்னால், நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த மூன்றாவது பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பி.எச்.அப்துல் ஹமீது நம் தொலைக்காட்சியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியபோது, பாட்டை விட அவர் உச்சரிப்புக்காகவே உட்கார்ந்தவர்கள் உண்டு, என் அப்பா உட்பட. அவருடையது கொழும்பு வானொலித் தமிழ், உங்கள் வீட்டுடையது தோட்டத் தமிழ், வித்தியாசம் தெரியும். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழைக் கேட்டு இங்கே யாரும் டிவியை அணைக்கவில்லை. பொங்கலன்று திரையில் ஒரு தடவை ‘தேத்தண்ணி’ என்றுதான் சொல்லிப் பாருங்களேன்.

போனில் இது தீராது. வெள்ளிக்கிழமை ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள், காலையில் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ். போனதும் நிகழ்ச்சியைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். அடுப்படியில் உட்காருங்கள், தேங்காய் துருவிக் கொடுங்கள், சம்பல் அரைக்கட்டும். பேச்சு வந்தால் ‘சொல்லட்டுமா’ என்று கேட்காமல், ‘எதைச் சொன்னா உனக்குப் பரவாயில்ல’ என்று கேளுங்கள். கேமரா வீட்டுக்கு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி கோபம் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் தயாரிப்பாளரிடம் பேசவேண்டியதை ரயிலேறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.