பீட்டில்ஸ் பிரியாமல் இருந்திருந்தால்?

கேள்வி: இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸ் 1970இல் உடையாமல் இருந்திருந்தால் எழுபதுகளின் பாப் இசை எப்படி இருந்திருக்கும்?

பதில்: இன்னும் நாலைந்து அருமையான ஆல்பங்கள் கிடைத்திருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அடி குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்குத்தான் விழுந்திருக்கும். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்த குழுவில் ஓர் ஆல்பத்துக்கு அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு பாட்டு. 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தும் எடுபடாமல் போன 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டையே தலைப்பாக வைத்து, 1970 நவம்பரில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார், அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. குழு நீடித்திருந்தால் அந்தப் பாட்டுகள் ஆண்டுக்கு இரண்டாகச் சொட்டியிருக்கும். மெக்கார்ட்னி பிறகு தொடங்கிய விங்ஸ் குழுவும் இருந்திருக்காது, சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வங்கதேச அகதிகளுக்காக 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரி. சிதார் கலைஞர் ரவிசங்கர் உதவி கேட்டார், சில வாரங்களிலேயே பாடகர் பாப் டிலன், கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ என்று எல்லாரையும் ஹாரிசன் திரட்டிவிட்டார். ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்ததற்கே, அதுதான் வாசிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது! மெக்கார்ட்னி வர மறுத்துவிட்டார். நாலு பேரும் சம்மதித்தால்தான் மேடை என்ற நிலை இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நட்சத்திரங்கள் நிவாரண நிதிக்காக ஒன்றுகூடும் பெரிய கச்சேரிக்கு முன்மாதிரியே அதுதான், அது இல்லாமல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985இல் நடந்த லைவ் எய்ட் கச்சேரியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.