மூணு மாசம் பூட்டிக் கிடந்த வீடு, அரை மணி நேரத்துல படுத்துடற பேட்டரி

கேள்வி: சார், வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ரெண்டு, வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஏப்ரல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு பொண்ணு பிரசவத்துக்கு பெங்களூரு போயிட்டோம், மூணு மாசம் கழிச்சு வந்து பாத்தா ஒரு ஃபேன் கூட அரை மணி நேரம் ஓட மாட்டேங்குது. கடைக்காரர் ஆசிட் மாத்தி ஊத்தலாம்ங்கறார். ஊத்தலாமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஊத்தாதீங்க! மெயினை அணைச்சீங்க சரி, இன்வெர்ட்டர் சுவிட்ச அணைச்சீங்களா? அது சும்மா இருந்தாலே கொஞ்சம் கரண்ட் குடிச்சிக்கிட்டுதான் இருக்கும், சில நாள்ல பேட்டரி காலியாயிருக்கும், மிச்ச மாசமெல்லாம் பூட்டின வீட்டு வெக்கைல அப்படியே கிடந்திருக்கு. பேட்டரி இறங்கும்போது ஆசிட்ல இருக்கற சல்பேட் போய் ஈயத் தகட்டுல ஒட்டிக்கும், உடனே சார்ஜ் போட்டா திரும்பி வந்துடும், போடாம விட்டா நம்ம ஊர் ஈரக்காத்துல உப்பு டப்பா கட்டிதட்டிப் போற மாதிரி கெட்டியாயிடும். ஆக உங்க ஆசிட் எங்கயும் போகல, தகட்டுலதான் இருக்கு. மேல புதுசா ஊத்தினா ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி அளக்கற கருவி) நல்லா காட்டும், தகடு அரிச்சுப் போகும். தானே புயல் வந்த 2011 டிசம்பர் கடைசில எங்க வீட்டு பேட்டரிய காலியாவே போட்டு வெச்சு, அப்புறம் இதே ஆசிட் வைத்தியம் பாத்து கெடுத்தவன் நான், அதான் இவ்ளோ கத்தறேன்.

இப்ப பண்ண வேண்டியது, ரெண்டையும் தனித்தனியா கழட்டி, தகடு முங்கற அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு (கேன் தண்ணி, ஏசி தண்ணி வேணாம்), வெளி சார்ஜர்ல 7 ஆம்பியர் வெச்சு ஒரு நாள், பத்தலேன்னா ரெண்டு நாள் மெதுவா ஏத்துங்க. தொட்டா சுடற அளவு போச்சுன்னா நிறுத்தி ஆற விடுங்க. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஹைட்ரஜன் வரும், பக்கத்துல சாமி விளக்கு கூட கூடாது. ஏறினப்புறம் மிதவைக் (தண்ணி மட்டம் காட்டற குச்சி) கோடு வரைக்கும் தண்ணி விட்டு, இன்னும் கொஞ்ச நேரம் சார்ஜ் ஓடி தண்ணி கலந்ததும் ஒவ்வொரு பேட்டரிலயும் இருக்கற ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டர்ல அளந்து பாருங்க. எல்லாம் 1.240 கிட்ட வந்தா பொழச்சிடுச்சு. ஒரு செல் மட்டும் 1.180லயே நிக்குதுன்னா அந்த பேட்டரி அவ்ளோதான், ஆனா அதுக்கு பதிலா புதுசு ஒண்ணு வாங்கி பழசோட சேத்துடாதீங்க, பழசு புதுசையும் இழுத்துக்கிட்டு போயிடும்.

அடுத்த தடவ ஊருக்கு போகும்போது ஃபுல் சார்ஜ் ஏத்தி பேட்டரி வயரையே கழட்டிடுங்க, பக்கத்து வீட்டுல சாவி குடுத்து மாசம் ஒரு தடவ மாட்டி ஏத்தச் சொல்லுங்க.