ஆரம் என்றால் மாலைதானே?

அன்புள்ள ஐயா,

அரூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோட்டுக்கு ஏன் ஆரம் என்று பேர்? ஆரம் என்றால் கழுத்தில் போடுகிற மாலைதானே?' என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். முத்தாரத்தில் இருப்பது வேறு சொல். வடமொழி 'ஹாரம்' தமிழில் அப்படி ஆனது. கணக்கில் வரும் ஆரம் வண்டிச் சக்கரத்தில் இருக்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கட்டையை ஆரக்கால் என்கிறோமே, அதுதான். வடமொழியில் 'அர' என்றாலும் ஆரக்கால்தான். ஆங்கிலத்தில் ரேடியஸ் என்கிறார்கள். லத்தீனில் அதற்கும் இதே பொருள் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் 'ஆரை' என்று இருக்கும்.

சின்ன வயதில், தர்மபுரியில் எங்கள் தெருமுனை ஆசாரி சக்கரம் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். நடுவில் குடம் என்கிற உருண்டைக் கட்டை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு துளை. ஒவ்வொன்றிலும் ஆரக்காலை இறக்கி, ஒரே குச்சியை வைத்து எல்லாவற்றையும் அளப்பார். ஒன்று நெல்லளவு நீண்டிருந்தாலும் உளியை எடுத்துவிடுவார். கால்கள் சமமில்லை என்றால் வெளி வளையமான வட்டை வட்டமாக உட்காராது, வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பிறகு இரும்புப் பட்டாவை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். குபீரென்று ஆவி கிளம்பும். பட்டா சுருங்கி ஆரக்கால்களைக் குடத்துக்குள் இறுக்கும். 'ஒரு வட்டத்தின் ஆரங்கள் எல்லாம் சமம்' என்று பள்ளியில் படித்தபோது எனக்கு அந்தக் குச்சிதான் நினைவுக்கு வந்தது.

இந்த வேலையின் அருமை ஔவையாருக்குத் தெரிந்திருக்கிறது. நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) அரசன் அதியமானைப் பற்றிப் பகைவரிடம் சொல்லும்போது (புறநானூறு 87), 'வைகல் எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த கால் அன்னோனே' என்கிறார். நாளுக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவனாம். கால் என்றால் இங்கே சக்கரம். ஒரு அரசனுக்கு இதைவிடப் பெரிய புகழ்ச்சியை நான் படித்ததில்லை.

மகளுக்கு சைக்கிளைக் காட்டிவிடாதீர்கள். அதன் பின்சக்கரக் கம்பிகள் மையத்தைப் பார்த்துப் போகாமல் சாய்ந்து போகும், பிள்ளை குழம்பிவிடுவாள். ஊரில் எங்காவது பழைய மாட்டுவண்டி நிற்கும். கூட்டிப்போய், கையில் ஒரு நூலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். குடத்தின் விளிம்பிலிருந்து வேண்டாம். அச்சு போகிற ஓட்டையின் நட்டநடுவிலிருந்து.